பதினொரு நொடி

வால்திவியாவில், ஆற்றங்கரையில்,
பியர் காய்ச்சுவதை நிறுத்திவிட்ட ஆலைக்குள்
நானூற்றுப் பன்னிரண்டு கரண்டிகள் தொங்குகின்றன,
தூண்டில் நரம்பில்.
ஒவ்வொன்றின் தலைக்கு மேலும்
சுண்டுவிரல் பருமனில் ஒரு மோட்டார்.
‘தொடாதீர்கள்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது.
நான்காவது மொழி நான்.

செய்தவர் சோல்வெய்க் ஹௌக்லண்ட், பெர்கன்காரர்.
கரண்டிகளை ஊரிலேயே கேட்டு வாங்கினார்:
ஆஸ்பத்திரிச் சமையலறை, படகுத்துறை கேன்டீன்,
விவாகரத்தான ஒருவர்
ஆறில் மூன்றைத் தந்தார்.

கடலடியில் ஒரு கருவி
காது வைத்துக் கிடக்கிறதாம்.
அது கேட்டதை சாந்தியாகோவுக்குச் சொல்ல,
சாந்தியாகோ பெர்கனுக்குச் சொல்ல,
பெர்கன் கணக்குப் போட்டு இங்கே அனுப்ப,
கரண்டிகள் சிணுங்கும்.
மனிதர் உணராத அதிர்வை நாம் பார்க்கிறோம் என்றார்
திறப்பு விழாவில், கையில் வெள்ளை ஒயினோடு.
ஒயின் நடுங்கவில்லை.

எனக்கு ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு.
காலை பத்து: ‘ஓடுகிறது.’
மாலை ஆறு: ‘ஓடுகிறது.’
காற்றடித்தால் கதவைச் சாத்த வேண்டும்.
காற்றில் ஆடினால் அது கலை இல்லை.

ஜூலையில் இருநூற்றுப் பதினேழாம் நரம்பு அறுந்தது.
கரண்டியைக் காணோம்; எவன் சட்டைப்பையிலோ.
எலெக்ட்ரீஷியன் எலியோதோரோ ஏணி போட்டுப்
புது நரம்பு கட்டிவிட்டுக் கீழே கை நீட்டினான்.
என் சாப்பாட்டுப் பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
அலுமினியம். விளிம்பில் பல் பட்ட தடம்.
அன்றிலிருந்து சூப்பைக்
கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கிறேன்.
பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர் அதன் கீழேதான்
வெகுநேரம் நின்று கண்ணைத் துடைத்தார்.
ஜலதோஷமாகவும் இருக்கலாம்,
இது மழை ஓயாத ஊர்.

நேற்று, நாலு இருபது.
பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் உள்ளே.
முதலில் வெளியே நாய்கள்.
பிறகு தரை,
காலடிக் கம்பளத்தை யாரோ உருவுவதுபோல்.
இரும்பு உத்தரம் முனகியது.
எங்கள் ஊரில் எடுத்ததும் ஓடமாட்டார்கள்;
விளக்கைப் பார்ப்பார்கள், எவ்வளவு ஆடுகிறதென்று.
“ஐந்து இருக்குமா?” என்றாள் டீச்சர்.
“நாலரை,” என்றேன்.
“நாலே முக்கால்.”
பேரம் படிந்தது.

தலைக்கு மேல் நானூற்றுப் பன்னிரண்டும்
மோட்டார் இல்லாமல், பெர்கன் இல்லாமல்
கட்டடத்தோடு சேர்ந்து ஆடின,
முட்டி மோதி,
பந்தி முடிந்த பாத்திரத் தொட்டியின் இரைச்சலோடு.

நின்றது.

தூசி இறங்கிக்கொண்டிருந்தது.
என் கோட்டு முனையைப் பிடித்திருந்த சிறுமி
விரல் விரலாக விட்டாள்.
பையில் ஃபோன் அதிர்ந்தது. மகள், படகுத்துறையிலிருந்து:
‘இங்கே ஒன்றுமில்லை. அங்கே?’

அதற்கும் பிறகுதான்
செய்தி வந்து சேர்ந்தது,
சாந்தியாகோ சொல்லி, பெர்கன் சொல்லி,
எங்களுக்கு நடந்தது எங்களுக்கு.
மோட்டார்கள் ஒரே மூச்சில் விழித்தன.
கரண்டிகள் நடுங்கின
மெல்ல, வரிசை கலையாமல், அத்தனை அழகாக;
பயம் கலக்காத நடுக்கம்.

“லேட்டு!” என்று ஒரு பையன் கத்தினான்.
முப்பது பேரும் சிரித்தார்கள்,
டீச்சர் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

எல்லாம் அடங்கிய பின்னும்
இருநூற்றுப் பதினேழு மட்டும் சற்று நேரம்.
லேசான உலோகம்.

மாலை ஆறு: ‘ஓடுகிறது.’
எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன், மறுபடி திறந்தேன்,
மூடினேன்.

இன்று காலை பெர்கனிலிருந்து ஒரு மின்னஞ்சல்:
திருமதி ஒயார்சூன், ஒலிப்பதிவு கேட்டேன்,
அந்த ஒன்று மட்டும் வேறு சுருதியில் பாடுகிறதே,
எங்கே கிடைத்தது?

இன்னும் பதில் எழுதவில்லை.
மதியம் கடைக்குப் போய்
எனக்கு ஒரு கரண்டி வாங்கினேன்,
எவர்சில்வர்.
சூப்பில் போட்டால்
கொஞ்சம் கனக்கிறது.